பச்சை அட்டை விகார டியூட்: வாங்கலாம், பேனையோடு படிக்க வேண்டும்

மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் உள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் உயர்தர உயிரியல் பிள்ளைகள் கேட்டு வாங்கும் டியூட்களில் (அச்சிட்ட பாடக்குறிப்புகளில்) பச்சை அட்டை போட்ட ஒன்று இருக்கிறது. ஏ4 அளவில் 44 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், விலை 300 ரூபாய். உள்ளே இருப்பது ஒரே அலகுதான்: பரம்பரையலகு (ஜீன்) விகாரங்களும், அதாவது அதன் வரிசையில் வரும் மாற்றங்களும், அவை புரதத்தில் செய்யும் மாற்றமும். தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம். ஆளைக் குறை சொல்வது நோக்கமல்ல. களுவாஞ்சிகுடியிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வந்து இதை வாங்கிப்போகும் பிள்ளை சரியானதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். முதல் பதினாறு பக்கத்துக்கு இந்தக் காசு தகும். அதற்குப் பிறகு பேனையைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டியும் சேர்த்தும் படிக்க வேண்டும். டிஎன்ஏயில் எந்த மூலம் (வரிசையின் ஓர் எழுத்து) மாறியது என்பதை டியூட் தெளிவாகச் சொல்கிறது. அந்த மாற்றம் புரதம் வரை போய் என்ன செய்கிறது என்று கேட்டால் விகாரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பெயர் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப்பும் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பெயர் வேறு, பாதிப்பு வேறு.

முதலில் நல்லது. 3ஆம் பக்கத்திலிருந்து 9ஆம் பக்கம் வரை பிரதியெடுத்தலையும் (டிஎன்ஏயிலிருந்து எம்ஆர்என்ஏ எழுதுவது) மொழிபெயர்ப்பையும் (எம்ஆர்என்ஏயை வாசித்துப் புரதம் கோர்ப்பது) மீட்டிக் காட்டும் பகுதி அருமை. ஒவ்வொரு இழைக்கும் 5′, 3′ முனைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அச்சு இழை (பார்த்து எம்ஆர்என்ஏ எழுதப்படும் இழை) எது, அதற்கு எதிரான குறியீட்டு இழை எது என்று கோட்டின் தடிப்பாலேயே வேறுபடுத்தியிருக்கிறார்கள். பயிற்சிக்குத் தந்த எம்ஆர்என்ஏ வரிசைகள் எதுவும் ஏயுஜியில் தொடங்கவில்லை (ஏ, யு, ஜி, சி என்பன மூலங்களின் எழுத்துகள்; மொழிபெயர்ப்புத் தொடங்கும் இடம் ஏயுஜி). அதற்கு முன் நாலைந்து மூலங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வரிசையைக் கண்டவுடன் முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டத் தொடங்குவதுதான் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை. இந்தப் பயிற்சியை நாலு தரம் செய்தால் முதலில் ஏயுஜியைத் தேடிப் பிடி, அங்கிருந்து வெட்டு என்ற பழக்கம் கையில் ஏறிவிடும்.

10ஆம் பக்கத்தில் பிரதியீட்டு விகாரங்களுக்குத் தந்த சின்ன வரிசை இந்த டியூட்டின் இதயம் என்றே சொல்லலாம்:

ஏயுஜி – ஜிஏஜி – யுயுயு – சிஏஜி – யுஏஜி

மெதியோனின், குளூட்டமிக் அமிலம், பீனைல்அலனின், குளூட்டமின், பிறகு நிறுத்தம். மூன்று மூலம் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியும் ஒரு கோடோன். இரண்டாம் கோடோனின் கடைசி ஜி, ஏ ஆனால் ஜிஏஏ; அதுவும் குளூட்டமிக் அமிலமே, ஆகவே மௌன விகாரம். அதே கோடோனின் நடு ஏ, யு ஆனால் ஜியுஜி. வலின் வருகிறது, மிஸ்சென்ஸ். நாலாம் கோடோனின் சி, யு ஆனால் யுஏஜி. சங்கிலி அங்கேயே அறுகிறது, நொன்சென்ஸ். ஒரே வரியை வைத்துக்கொண்டு மூன்றையும் காட்டியது நல்ல கற்பித்தல். மூலங்களில் ஒன்று மட்டுமே மாறுகிறது, விளைவு மூன்று விதம் என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது.

சிக்கல் 17ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அதே வரிசையில் ஜிஏஜியின் முதல் ஜி நீங்கினால் என்ன வரும் என்று கேட்டு, "மூன்று அமினோ அமிலங்களும் மாறும், சங்கிலி அதே இடத்தில் முடியும்" என்று விடை தந்திருக்கிறார்கள். இரண்டு பாதியும் பிழை. வெட்டிப் பாருங்கள்: ஏயுஜி – ஏஜியு – யுயுசி – ஏஜியு – ஏஜி. மெதியோனின், செரின், பீனைல்அலனின், செரின். மூன்றாவதாக மறுபடி பீனைல்அலனினே வந்துவிட்டது, ஏனென்றால் யுயுயுவும் யுயுசியும் ஒரே அமினோ அமிலத்துக்கே. சட்டகம் (மூன்று மூன்றாக வாசிக்கும் ஒழுங்கு) பெயர்ந்தால் அதன் பின் உள்ள எல்லாமே மாறியாக வேண்டும் என்ற விதி இல்லை. ஒன்றிரண்டு தற்செயலாகத் தப்பும். அடுத்தது, யுஏஜி இப்போது யு வேறு, ஏஜி வேறாக உடைந்துவிட்டது. பழைய நிறுத்தற் கோடோன் வாசிப்பில் இல்லை. புரதத்தைக் கோர்க்கும் றைபோசோம் அதைத் தாண்டிப் போய், புதிய சட்டகத்தில் எங்காவது யுஏஏ, யுஏஜி, யுஜிஏ மூன்றில் ஒன்று எதிர்ப்படும்போதுதான் நிற்கும். நீளமான பரம்பரையலகில் பெரும்பாலும் அது சீக்கிரமே எதிர்ப்படும். 64 கோடோன்களில் 3 நிறுத்தற் கோடோன்கள் என்பதால், ஒழுங்கற்ற வரிசையொன்றில் சராசரியாக ஏறத்தாழ 21 கோடோனுக்கு ஒன்று வரும். சட்டகப் பெயர்ச்சிப் புரதங்கள் பொதுவாகக் கட்டையாக இருப்பதன் காரணம் இதுதான். டியூட்டில் இந்தக் காரணம் எங்கும் இல்லை.

இதே வரிசையில் இன்னொரு பயிற்சியை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். முதல் ஜியை நீக்கிய பிறகு, ஏஜியுவுக்கு அடுத்து ஒரு யுவைச் செருகுங்கள். ஏயுஜி – ஏஜியு – யுயுயு – சிஏஜி – யுஏஜி. ஒரு நீக்கமும் ஒரு செருகலும் சேர்ந்து சட்டகம் பழையபடி வந்துவிட்டது. மாறியது ஒரேயொரு அமினோ அமிலம். கிரிக், பிரென்னர் குழுவினர் 1961இல் பற்றீரியாவைத் தாக்கும் ரி4 வைரசில் செய்ததும் இந்தக் கணக்குத்தான். ஒரு செருகலை ஒரு நீக்கம் சரிக்கட்டும், ஒரே வகையில் மூன்று சேர்ந்தாலும் சட்டகம் திரும்பும் என்று கண்டுதான் கோடோன் மூன்று மூலம் கொண்டது என்று நிறுவினார்கள். பாடத்தில் வரும் "மூன்று" எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடையாது.

19ஆம் பக்கத்தில் பெட்டி போட்டு ஒரு வரி: "மூன்று மூலங்கள் நீங்கினால் ஒரு அமினோ அமிலம் மட்டும் குறையும், பாதிப்புச் சிறிது." இந்தப் பெட்டியை முழுதாக வெட்டிவிடுங்கள். முதலாவது, நீங்கும் மூன்றும் ஒரே கோடோனுக்குள் இருக்க வேண்டுமென்றில்லை. மேலே உள்ள வரிசையில் ஜிஏஜியின் கடைசி ஜியும் அடுத்த இரண்டு யுவும் நீங்கினால் ஏயுஜி – ஜிஏயு – சிஏஜி – யுஏஜி வரும். குளூட்டமிக் அமிலமும் பீனைல்அலனினும் போய், இரண்டுக்கும் பதிலாக அஸ்பார்ற்றிக் அமிலம் ஒன்று வந்து நிற்கிறது. இரண்டாவது, ஒன்று குறைந்தால் பாதிப்புச் சிறிது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நோயில் மிகப் பரவலான விகாரமே மூன்று மூலங்களின் நீக்கம்தான். அங்கே 506ஆம் கோடோனிலிருந்து ஏயுசி – ஏயுசி – யுயுயு – ஜிஜியு என்று இருந்தது. நடுவில் சியுயு நீங்கி ஏயுசி – ஏயுயு – ஜிஜியு ஆயிற்று. 507இல் கோடோன் மாறினாலும் ஐசோலியூசின் அப்படியே. போனது 508ஆம் இடத்துப் பீனைல்அலனின் மட்டும். 1480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒன்றே ஒன்று. ஆனால் புரதம் சரியாக மடிவதில்லை. கலம் அதை, புரதம் மடியும் இடமான அகமுதலுருச் சிறுவலையிலேயே மறித்துச் சிதைத்துவிடுகிறது. கலமென்சவ்வுக்குப் போய்க் குளோரைட்டு அயன்களுக்கு வழிவிட வேண்டிய புரதம் அங்கே போய்ச் சேருவதே இல்லை. கூடுவதும் அப்படித்தான்: ஹன்ரிங்டன் நோயில் சிஏஜி என்ற கோடோன் சட்டகம் குலையாமல் திரும்பத் திரும்ப நீள்கிறது. அது 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய் வருகிறது.

மிஸ்சென்ஸ் பக்கங்களில் அரிவாட்கல நோய் மட்டுமே உதாரணம். அதில் பிழையில்லை, ஆனால் "வலின் வந்ததால் கலம் அரிவாள் வடிவமாகிறது" என்று ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள். இடையில் உள்ளதை எழுதினால்தான் கட்டுரையில் புள்ளி. ஈமோகுளோபினின் பீற்றா குளோபின் சங்கிலியின் 6ஆம் இடத்தில் இருந்தது மறையேற்றமுள்ள குளூட்டமிக் அமிலம். மூலக்கூறின் வெளிப்பரப்பில், நீரோடு சேர்ந்து இருப்பது. அதே இடத்தில் நீரை விலக்கும் வலின் வந்து நிற்கிறது. ஒட்சிசன் கழன்ற ஈமோகுளோபினில் இந்த வலின் பொருந்தக்கூடிய ஒரு குழி பக்கத்து மூலக்கூறில் இருக்கிறது. ஒன்றில் ஒன்று பொருந்திப் பொருந்தி நீண்ட நார்கள் உருவாக, அவை செங்குழியத்தை உள்ளிருந்து இழுத்து வளைக்கின்றன. ஒட்சிசன் குறைந்த இடத்தில் நோய் ஏன் கடுமையாகிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

இதற்குப் பக்கத்தில் ஈமோகுளோபின் சியை வைத்திருந்தால் பாடம் முழுமையாகியிருக்கும். அதே 6ஆம் கோடோன், ஜிஏஜி இந்தத் தடவை ஏஏஜி ஆகி லைசின் வருகிறது. மறையேற்றம் போய் நேரேற்றம். ஏற்றக் கணக்கில் வலினைவிடப் பெரிய மாற்றம், ஆனால் நோய் மிகவும் இலேசு. அந்தக் குழிக்குள் லைசின் பொருந்தாது என்பதே காரணம். எந்த அமினோ அமிலம் எந்த இடத்தில் வந்தது என்று பார்க்காமல் மிஸ்சென்ஸ் கொடியதா இலேசானதா என்று சொல்ல முடியாது.

சிறு எச்சரிக்கை: டியூட்டின் படத்தில் 6 என்றும் வினாவில் 7 என்றும் இருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். தொடக்க மெதியோனினையும் எண்ணினால் 7. முதிர்ந்த புரதத்தில் அது வெட்டப்பட்டிருப்பதால் 6. இரண்டு வழக்கும் உண்டு. டியூட் ஒரு வரி போட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

நொன்சென்ஸ் விகாரத்துக்கு 22ஆம் பக்கப் படத்தில் கட்டைப் புரதம் ஒன்று வரைந்திருக்கிறார்கள். எல்லாப் பரம்பரையலகிலும் அப்படியொரு கட்டைப் புரதம் கலத்துக்குள் மிதந்துகொண்டிருக்கும் என்ற எண்ணத்தை அது தரும். மனிதக் கலங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. நிறுத்தற் கோடோன் முன்கூட்டியே வந்து, அதற்கு அப்பால் எக்சோன்கள் (எம்ஆர்என்ஏயில் மிஞ்சும் துண்டுகள்) ஒட்டிய மூட்டு ஒன்று ஏறத்தாழ 50 மூலங்களுக்கு மேல் தள்ளி இருந்தால், கலம் அந்த எம்ஆர்என்ஏயையே பழுது என்று கண்டு அழித்துவிடுகிறது. கட்டைப் புரதம் அல்ல, அநேகமாகப் புரதமே இல்லை. கடைசி எக்சோனில் வரும் நொன்சென்ஸ் இந்தக் காவலிலிருந்து தப்பும். அப்போதுதான் கட்டைப் புரதம் உண்மையில் உருவாகிறது, சிலவேளை அது நல்ல புரதத்தின் வேலையையும் கெடுக்கும். படத்தின் கீழே இந்த இரண்டு வரியை எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுத்தற் கோடோன் உள்ளே வருவதைப் பற்றி எழுதியவர்கள், அது இல்லாமற் போவதைப் பற்றி எழுதவில்லை. ஈமோகுளோபினின் மற்றச் சங்கிலியான அல்பா குளோபினில் யுஏஏ என்ற நிறுத்தம் சிஏஏ ஆனால் அங்கே குளூட்டமின் வருகிறது. றைபோசோம் நிற்காமல் போய், 141 அமினோ அமிலமாக முடிய வேண்டிய சங்கிலி 172 ஆகிறது. கொன்ஸ்ரன்ட் ஸ்பிறிங் என்ற ஈமோகுளோபின் இதுதான். எம்ஆர்என்ஏ நிலையற்றுப் போவதால் சங்கிலியும் மிகக் குறைவாகவே உருவாகும்.

இனி, இந்த டியூட்டில் மனதுக்கு மிகவும் வருத்தமான குறை. 44 பக்கத்தில் இன்ரோன் (எக்சோன்களுக்கு இடையே இருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) என்ற சொல் இரண்டே தடவைதான் வருகிறது. எம்ஆர்என்ஏயை வெட்டியொட்டும் இடத்தில் நிகழும் விகாரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இலங்கையில் பீற்றா தலசீமியாவுக்கு (பீற்றா சங்கிலி குறையும் குருதி நோய்) மிகப் பொதுவான காரணங்களாக அறியப்பட்ட இரண்டு விகாரங்களும் கோடோனில் இல்லை, இன்ரோனில்தான் இருக்கின்றன. பீற்றா குளோபின் பரம்பரையலகின் முதலாம் இன்ரோனில் 1ஆம் மூலமான ஜி, ஏ ஆவது ஒன்று. 5ஆம் மூலமான ஜி, சி ஆவது மற்றது. இன்ரோன் ஜியு என்று தொடங்க வேண்டும். அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் வெட்டும் பொறி இடம் பிடிக்கிறது. முதல் ஜியே மாறினால் சரியான வெட்டு நடப்பதில்லை, அந்தப் பரம்பரையலகிலிருந்து நல்ல பீற்றா சங்கிலி வராது. 5ஆம் மூலம் மாறும்போது அடையாளம் மங்குகிறது. பெரும்பாலும் பக்கத்துப் பிழையான இடங்களில் வெட்டு விழும், கொஞ்சம் மட்டும் சரியாக வரும். அமினோ அமிலத்துக்கான மூலம் ஒன்றுகூட மாறவில்லை, ஆனாலும் மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டிய நிலைக்குப் பிள்ளை வந்துவிடலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்காக அச்சடிக்கும் டியூட்டில் இதற்கு அரைப் பக்கமாவது வேண்டும்.

ஈமோகுளோபின் ஈ, மிஸ்சென்ஸ், வெட்டியொட்டலில் வரும் பிழை இரண்டையும் சேர்த்துக் காட்டும். 26ஆம் கோடோனில் ஜிஏஜி, ஏஏஜி ஆகி லைசின் வருகிறது, பார்த்தால் மிஸ்சென்ஸ். ஆனால் அந்த மாற்றமே அருகில் உறங்கிக்கிடந்த வெட்டும் இடமொன்றை எழுப்பிவிடுவதால் சரியான எம்ஆர்என்ஏயின் அளவும் குறைகிறது. மௌன விகாரமும் இப்படி ஏமாற்றும். லமின் ஏ பரம்பரையலகின் 608ஆம் கோடோன் ஜிஜிசி, ஜிஜியு ஆகிறது, இரண்டும் கிளைசின். அட்டவணைப்படி ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் அங்கே புதிய வெட்டு விழுந்து 150 மூலங்கள் கழிந்து, புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் இல்லாமற் போய், சிறு வயதிலேயே முதுமை தட்டும் புரொஜீரியா நோய் வருகிறது. 2003இல் கண்டறிந்தது. ஆகவே 36ஆம் பக்கத்தில் "மௌன விகாரத்தால் புரதத்தில் ஒருபோதும் மாற்றம் ஏற்படாது" என்ற கூற்றில் "ஒருபோதும்" என்பதை வெட்டி "பொதுவாக" என்று எழுதுங்கள். பரீட்சைக்கு அந்தச் சொல் போதும், உண்மைக்கும் அதுவே பொருந்தும்.

நிறமூர்த்த விகாரப் பகுதி ஆறு பக்கம், படங்கள் துப்புரவு. நீக்கம், இரட்டிப்பு, தலைகீழாதல், இடம்பெயர்வு நாலும் எழுத்துத் துண்டுகளால் காட்டப்பட்டிருக்கின்றன. தலைகீழாதலில் மூலங்கள் குறையாததால் "பாதிப்பில்லை" என்றது மட்டும் தவறு. முறிவு ஒரு பரம்பரையலகின் நடுவே விழுந்தால் அது இரண்டாகிவிடும். கடுமையான ஹீமோபீலியா ஏ (குருதி உறையாத நோய்) உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு இப்படியான தலைகீழாதலே காரணம். விகாரக்காரணிகள் அட்டவணையில் அக்கிரிடினுக்கு நேரே "பிரதியீடு" என்று இருக்கிறது. அது மூலங்களின் இடையே நுழைந்து செருகலையும் நீக்கத்தையும் உண்டாக்குவது; "சட்டகப் பெயர்ச்சி" என்று மாற்றுங்கள். புறவூதாக் கதிருக்கும் நைத்திரசு அமிலத்துக்கும் தந்தவை சரி.

அடுத்த பதிப்பு போட்டால் சேர்க்க வேண்டியது நெல்லைப் பற்றி ஒரு பக்கம். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஐரோப்பிய நோய்களைவிட இது சட்டென்று பிடிபடும். சிவப்பரிசி நெல்லின் பழைய இயல்பு. வெள்ளையரிசி இனங்களில் பெரும்பாலானவை ஒரு பரம்பரையலகில் 14 மூலங்கள் நீங்கியதால் வந்தவை. 14 மூன்றால் பிரிபடாது. சட்டகம் பெயர்ந்து, சிவப்பு நிறப்பொருளை உண்டாக்கும் வேலையை முடுக்கும் புரதம் இடையில் முடிந்துவிடுகிறது. (தீட்டி வெளுத்த சிவப்பரிசி வேறு விடயம், அங்கே பரம்பரையலகு அப்படியே இருக்கிறது, தவிடுதான் போனது.) பாசுமதியின் வாசம் 8 மூலங்களின் நீக்கம்: ஒரு நொதியம் இல்லாமற் போனதால் வாசப்பொருள் தேங்குகிறது. 1966இல் வந்த ஐஆர்8 குட்டை நெல்லில் கிபரெலின் என்ற வளர்ச்சி ஓமோனை ஆக்கும் நொதியத்தின் பரம்பரையலகில் 383 மூலங்கள் இல்லை. வைக்கோல் குட்டையாகி, கதிர் பாரத்தில் பயிர் சாயாமல் நின்றது. மூன்று எண்ணையும் மூன்றால் வகுத்துப் பார்க்கச் சொன்னாலே நல்ல வினா. விகாரம் என்றாலே நோய் என்ற எண்ணமும் போகும்.

அச்சுத் தரம் பற்றிக் கடைசியாக. 4ஆம் பக்கக் கோடோன் அட்டவணை பிரதியின் பிரதி. ஆங்கிலத்து ஜியும் சியும் ஒன்றுபோலத் தெரிகின்றன. சிஏயுவை ஜிஏயு என்று வாசித்தால் ஹிஸ்ரிடின் அஸ்பார்ற்றிக் அமிலமாகிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் 141 வீதத்தில் ஏ3 தாளில் பெருப்பித்து எடுத்து, பாடநூலோடு ஒப்பிட்டு மங்கிய எழுத்துகளைப் பேனையால் தடிப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கலைச்சொற்களும் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கத்தில் "செருகல்", இன்னொன்றில் "உட்புகுத்தல்", வினாவில் "சேர்க்கை". மூன்றும் ஒன்றே. விடைத்தாளில் பாடநூலில் உள்ள சொல்லையே எழுத வேண்டும்.

வாங்குமுன் 29 முதல் 32 வரையான பக்கங்கள் இருக்கின்றனவா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். சில பிரதிகளில் அந்தத் தாள்கள் இரண்டும் விடுபட்டிருக்கின்றன, நிறமூர்த்தப் படங்கள் எல்லாம் அவற்றில்தான். 41ஆம் பக்க விடைகளில் 14ஆம் பல்தேர்வு வினாவுக்கு (3) என்று இருப்பதை (5) ஆக்குங்கள். 27ஆம் வினாவில் அச்சு இழையைத் தந்துவிட்டுக் குறியீட்டு இழையாக வாசித்து விடை போட்டிருக்கிறார்கள், அதை நீங்களே மறுபடி செய்ய வேண்டும்.